முதல் நோயாளி நானே

நான் முட்டாள் என்பதை முதலில் கண்டுபிடித்தது கம்ப்யூட்டர்தான் என்று எழுதினால் என் மனைவி சண்டைக்கு வருவாள். அந்தப் பெருமை அவளுக்கே சேர வேண்டியது. கல்யாணமான முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். கம்ப்யூட்டர் பிற்பாடு அதைக் கோடு போட்டு வரைந்து காட்டியது, அவ்வளவுதான்.

விஷயத்தை உடைத்தே சொல்லிவிடுகிறேன். நிறைந்த சபையில், ஒருவரும் கேட்காமலேயே எழுந்து நின்று, "இந்த மெஷினில் மயக்கம் வாங்கிக்கொள்ளப் போகும் முதல் நோயாளி நானே" என்று அறிவித்தேன். இங்கிலீஷில் அறிவித்தேன். இங்கிலீஷில் பேசும்போது எனக்குத் தைரியம் கொஞ்சம் கூடுதலாக வரும். அன்றைக்கு என் உடம்பில் ஒரு கோளாறும் கிடையாது. கோளாறு இல்லாதவன் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், இல்லையா? எல்லோரும் கைதட்டினார்கள். நானும் ஏதோ சாதித்தவன் மாதிரி உட்கார்ந்தேன். என் மனைவி மட்டும் கைதட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஹைதராபாத்தில் காஞ்சன்பாக் பக்கம் ஒரு பொதுத்துறைக் கம்பெனியில் நான் இன்ஜினியர். பெரிய உலைகளின் சூட்டை ஒரே அளவில் பிடித்து வைக்கும் கருவிகளைச் செய்வது எங்கள் பிரிவு. சூடு ஏறினால் கருவி குறைக்கும், இறங்கினால் ஏற்றும். வீடு மாரெட்பள்ளியில். மனைவிக்கு செகந்திராபாத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை என்பதால் அவள் சௌகரியத்துக்கு அங்கே குடியிருந்தோம். அவள் நடந்தே போய்விடுவாள். நான் கம்பெனி பஸ்ஸில் ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக வேண்டும். டேங்க் பண்ட் ஏரிக்கரையைத் தாண்டுவதற்குள் பஸ்ஸில் பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள். எங்கள் கம்பெனியில் தூக்கம் பஸ்ஸிலேயே தொடங்கிவிடும். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

என் மனைவி மயக்க மருந்து டாக்டர். அவளுடைய தாத்தா காலத்திலேயே பாளையங்கோட்டையிலிருந்து செகந்திராபாத்துக்கு வந்துவிட்ட குடும்பம். கடைக்காரனிடம் தெலுங்கு, ஆட்டோக்காரனிடம் ஹைதராபாத் இந்தி, ஆஸ்பத்திரியில் இங்கிலீஷ், என்னைத் திட்டும்போது மட்டும் கலப்படமில்லாத திருநெல்வேலித் தமிழ். நான் திருச்சிக்காரன். கல்யாணமான புதிதில் அவள் திட்டுவது பாதி புரியாமல் சந்தோஷமாக இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து மட்டன் குழம்போடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வாயைக் கொடுத்தேன்.

"ஆபரேஷன் நடக்கும்போது நீ ஸ்டூல்ல உட்கார்ந்து ஒரு டயலைத்தானே திருப்பிக்கிட்டு இருக்கே?"

"ஆமா."

"பேஷண்டுக்கு பி.பி. ஏறினா மயக்கம் போதலைன்னு மருந்தைக் கூட்டுவே. இறங்கினா குறைப்பே."

"ஆமா."

"இதைத்தானே என் உலையில ஒரு தெர்மோஸ்டாட் பண்ணுது?"

அவள் எலும்பைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். கோபப்படவில்லை. அவள் கோபப்படாமல் இருந்தால்தான் நான் பயப்படுவேன்.

"அப்போ செஞ்சு காட்டுங்களேன்" என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். திங்கட்கிழமை எங்கள் ஜெனரல் மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் தெலுங்குக்காரர், உற்சாகமே உருவான மனிதர். பொதுத்துறைக் கம்பெனி என்றால் பொதுமக்களுக்கு உபயோகமாக ஏதாவது செய்து காட்ட வேண்டாமா என்று டெல்லியிலிருந்து அடிக்கடி கேட்டுக்கொண்டிருந்த காலம். அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். கொஞ்ச நாளில் ஆஸ்பத்திரியும் கம்பெனியும் சேர்ந்து செய்யும் திட்டமாகவே அது ஆகிவிட்டது. ஆஸ்பத்திரி தரப்பில் திட்டத்தைச் சரிபார்க்கும் டாக்டராக யாரைப் போட்டார்கள் என்று நினைக்கிறீர்கள்? மட்டன் எலும்பைத் தட்டோரம் வைத்த அதே அம்மணியைத்தான்.

நேராக மெஷினைச் செய்து மனிதர்கள் மேல் மாட்டிப் பார்க்க முடியாதே. அதனால் முதலில் கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய் மனிதனை உருவாக்கினோம். உருவாக்கினோம் என்றால் கை கால் எல்லாம் கிடையாது. நுரையீரல் ஒரு தொட்டி, ரத்தம் ஒரு தொட்டி, மூளை ஒரு தொட்டி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மருந்து எவ்வளவு வேகத்தில் போகும் என்பதற்குச் சில சமன்பாடுகள். மூளைக்கு மருந்து ஏற ஏற ரத்த அழுத்தம் இறங்கும். அவ்வளவுதான் அவர். என் மெஷினும் அதே கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கணக்காக உட்கார்ந்துகொண்டு, அவருடைய பி.பி.யைப் பார்த்துப் பார்த்து மருந்தைக் கூட்டும், குறைக்கும். ஒரு மணி நேர ஆபரேஷனைக் கம்ப்யூட்டர் டீ குடிக்கும் நேரத்தில் நடத்தி முடித்து, பி.பி.யைக் காகிதத்தில் நட்சத்திரப் புள்ளிகளாக அச்சடித்துத் தரும்.

எங்கள் கம்ப்யூட்டர் அறைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். தூசி ஆகாது. உள்ளே ஏ.சி. கடுமையாக ஓடும். மே மாதத்தில் வெளியே தார் உருகிக்கொண்டிருக்க, நான் ஸ்வெட்டரோடு வேலைக்குப் போவதைப் பார்த்து மாரெட்பள்ளிக்காரர்கள் எனக்குக் காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டார்கள். கம்பெனியில் வேலை இல்லாதவர்கள், வேலை இருந்தும் செய்யாதவர்கள் எல்லோரும் குளிருக்காக அந்த அறைக்கு வருவார்கள். வந்ததற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டுமே, அதனால் "உள்ளே இருக்கிறவர் எப்படி இருக்கார்?" என்று துக்கம் விசாரிப்பது மாதிரி என்னிடம் கேட்பார்கள்.

துக்கம்தான். உள்ளே இருக்கிறவர் பொழுதுக்கும் செத்துக்கொண்டிருந்தார்.

காரணம் எளிது. எங்கள் கெஸ்ட் ஹவுஸ் ஷவரில் குளித்தவர்களுக்குப் புரியும். வெந்நீர்க் குழாயைத் திறப்பீர்கள். தண்ணீர் சில்லென்று வரும். இன்னும் திறப்பீர்கள். அப்போதும் சில்லென்றுதான் வரும். முழுக்கத் திறப்பீர்கள். திடீரென்று கொதிக்கக் கொதிக்கக் கொட்டும். அலறிக்கொண்டு முழுக்க மூடுவீர்கள். என் மெஷினும் அதையேதான் செய்தது. மருந்து மூளைக்குப் போய்ச் சேர நேரம் எடுக்கும். அதற்குள் பொறுமை இழந்து கூட்டிக்கொண்டே போகும். பிறகு பி.பி. பாதாளத்துக்குப் போனதும் பதறி நிறுத்தும். அவர் விழித்துக்கொள்வார். மறுபடி அள்ளிக் கொட்டும். காகிதத்தில் நட்சத்திரப் புள்ளிகள் மலையும் பள்ளமுமாக ஏறி இறங்கி ஒரு கட்டத்தில் காகிதத்தை விட்டே வெளியேறிவிடும்.

ஜெனரல் மேனேஜர் சாயங்காலம் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டுவார். செருப்பைக் கழற்ற அவருக்குச் சோம்பல்.

"ஏமண்டி, ஈ ரோஜு எந்தமந்தி போயாரு?" இன்றைக்கு எத்தனை பேர் போனார்கள் என்று கேட்கிறார்.

"ஒக்கரே சார்" என்பேன். ஒருத்தர்தான் சார். காலையிலிருந்து அந்த ஒருத்தரே திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருந்தார் என்பதைச் சொல்லமாட்டேன்.

மெஷினுக்குப் பொறுமையைக் கற்றுக்கொடுத்தேன். பி.பி. எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்க்காமல், எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்றும் பார்க்க வைத்தேன். கொடுத்த மருந்து வழியில் இருக்கிறது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ள வைத்தேன். மழைக்காலம் தொடங்கியபோது உள்ளே இருக்கிறவர் சாவதை நிறுத்திவிட்டார். நட்சத்திரப் புள்ளிகள் ரயில் தண்டவாளம் மாதிரி நேராக ஓடின. நான் அந்தக் காகிதத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் தூங்காமல் வீட்டுக்கு வந்தேன். சாப்பாட்டு மேஜையில் விரித்து, மூலைக்கொரு டம்ளர் வைத்து, "டாக்டரம்மா, வாங்க" என்று கூப்பிட்டேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். குனிந்து இன்னும் கிட்டத்தில் பார்த்தாள்.

"இவரு ஏற்கெனவே தூங்குதாரே" என்றாள்.

"மயக்கம் கொடுத்தா தூங்கத்தானே செய்வார்?"

"அது இல்லங்க. இங்க பாருங்க, இது ஆரம்பம். இன்னும் மருந்தே கொடுக்கல. அதுக்குள்ள இப்படி ஆடாம அசையாம கிடக்காரு. ஆபரேஷனுக்கு வந்த மனுஷன் மாதிரியா இருக்கு? யாரோட பி.பி. இதெல்லாம்? எங்க எடுத்தீங்க?"

"எங்க கம்பெனியிலதான். டிஸ்பென்சரி கம்பவுண்டரை வெச்சு, ஸ்டாஃப் எல்லாருக்கும் எடுத்தோம். அதோட சராசரிதான்."

"எத்தன மணிக்கு?"

"கம்பவுண்டருக்கு மத்தியானம்தான் கை ஓயும். சாப்பாட்டுக்கு அப்புறம்."

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டாள். முதலில் தோள்தான் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்துபோனேன். பிறகு சத்தமே வராமல் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். எனக்கும் மெல்ல விளங்கியது. பொதுத்துறைக் கம்பெனி, கேண்டீனில் தயிர்சாதம், மேலே ஃபேன், மத்தியானம். பி.பி. எடுத்த அன்றைக்கே கம்பவுண்டர் ஒருவர் கையில் பட்டையைச் சுற்றிவிட்டு, "சாப், இனே தோ சோ கயா" என்று, ஆள் தூங்கிவிட்டார் என்று என்னிடம் சொன்னார். பரவாயில்லை, எடுங்கள் என்று நான்தான் சொன்னேன். ஆக, நான் கம்ப்யூட்டருக்குள் உருவாக்கி வைத்திருந்தது மனிதனை அல்ல, மதியச் சாப்பாடு முடிந்த அரசு ஊழியரை. அவருக்கு மயக்க மருந்து எதற்கு? ஒரு தலையணை போதும்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் விளக்கினாள். ஆபரேஷனுக்கு வருகிறவன் பயந்துபோய் வருவான். முந்தின நாளிலிருந்து பட்டினி. நெஞ்சு அடித்துக்கொள்ளும், பி.பி. மேலே நிற்கும். உங்கள் மெஷின் அதைத் தயிர்சாத பி.பி.யோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஐயோ மயக்கம் போதவில்லை என்று மருந்தைக் கொட்டும். அப்புறம் அவனை யார் எழுப்புவது?

"இன்னொண்ணு. இந்த ஆபரேஷன்ல கத்தியே இல்லியே. சும்மா படுத்திருக்கவருக்கு மயக்கம் கொடுக்க ஸ்டூல் கூட வேண்டாம்."

மறுநாள் ஜெனரல் மேனேஜரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார். பயந்த மனிதர்கள்தானே வேண்டும்? அடுத்த வாரம் புரமோஷன் இன்டர்வியூ இருக்கிறதே, என்றார். மகான். அந்த வாரம் முழுக்க இன்டர்வியூ அறைக்கு வெளியே பெஞ்சில் கம்பவுண்டர் பட்டையோடு உட்கார்ந்திருந்தார். டை கட்டி, ஃபைலை நெஞ்சோடு அணைத்து, வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் கையை வாங்கினார். அப்படி ஒரு அருமையான பி.பி.யை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. உள்ளே இருக்கிறவருக்கு உயிர் வந்தது.

கத்திக்கு வழி என் மனைவியே கண்டுபிடித்தாள். செயல்விளக்கம் அன்று ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர்கள் வந்தார்கள். வாசலில் செருப்புகளைக் கழற்றிவிட்டு, எங்களிடம் இரவல் ஸ்வெட்டர் வாங்கிப் போட்டுக்கொண்டு சுற்றி நின்றார்கள். அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சர்ஜன் வேஷம் போட்டாள். ஒரு பட்டனைத் தட்டினால் தோலில் கத்தி பட்டதற்குச் சமம். இன்னொன்று குடலைப் பிடித்து இழுப்பதற்கு. இன்னொன்று ரத்தம் போவதற்கு. எப்போது எதைத் தட்டுவாள் என்று எனக்கும் தெரியாது, மெஷினுக்கும் தெரியாது.

"கத்தி வெச்சாச்சு" என்றாள். அன்றைக்கென்று நட்சத்திரப் புள்ளிக்குப் பதிலாகக் கோடு போட மாட்டியிருந்த பேனா காகிதத்தில் துள்ளியது. மெஷின் மருந்தைக் கூட்டியது. கோடு மெதுவாகப் பழைய இடத்துக்கு வந்தது.

"குடலை இழுக்குதேன்" என்றாள். மறுபடி துள்ளல், மறுபடி அமைதி.

பிறகு ஒன்றும் சொல்லாமல், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தட்டினாள். குடும்பம் நடத்துகிற லட்சணம் அதுதான். கோடு ஆடியது, தள்ளாடியது, கடைசியில் நிலைக்கு வந்து நின்றது. அறை முழுக்கக் கைதட்டல். அவள் என் பக்கம் திரும்பி, "பரவால்லியே" என்றாள். அந்த ஒரு சொல்லில்தான் எனக்குத் தலை கிறுகிறுத்துப் போயிருக்க வேண்டும். எழுந்து நின்றேன். இங்கிலீஷில் அறிவித்தேன். அதைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

அடுத்த வருஷம் மெஷின் தயாரானது. ஒரு இரும்புப் பெட்டி, கோடு வரையும் பேனா, மருந்து டயலைத் திருப்ப ஒரு சின்ன மோட்டார். பெட்டிக்கும் மோட்டாருக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் தடித்த கேபிள், இரண்டு முனையிலும் பளபளவென்று உருண்டைப் பிளக். ஆஸ்பத்திரியின் கமிட்டி, மனமுவந்து சம்மதிப்பவர்களிடம், டாக்டர் பக்கத்தில் இருக்க, சோதித்துப் பார்க்கலாம் என்று அனுமதி கொடுத்தது. என் மனைவியும் சரி என்று சொல்லியிருந்தாள். சம்மதிக்கும் நோயாளி வர வேண்டியதுதான் பாக்கி.

அப்போதுதான் ஒருநாள் என் ஸ்கூட்டரை ஸ்டாண்டில் ஏற்றினேன். அடிவயிற்றில் சுருக்கென்றது. குளிக்கும்போது பார்த்தால் இடுப்பு மடிப்பில் எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு புடைப்பு. மனைவியிடம் காட்டினேன். ஒரு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "ஹெர்னியா. ஆபரேஷன்" என்றாள். பிறகு சாவகாசமாக, "வாழ்த்துக்கள்" என்றாள்.

ஜெனரல் மேனேஜரும் அதையேதான் சொன்னார். கையைப் பிடித்துக் குலுக்கினார். என் குடல் பிதுங்கியதில் அவருக்கு அப்படி ஒரு ஆனந்தம். கேண்டீனில் முன்பின் பேசியிராதவர்களெல்லாம் வந்து முதுகைத் தட்டினார்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எனக்குப் பயம். சாதாரணப் பயம் இல்லை, இன்டர்வியூ பெஞ்சே தோற்றுப்போகும் பயம். உள்ளே இருக்கிறவர் எத்தனை விதமாகச் செத்தார் என்று எனக்கு மட்டும்தானே தெரியும்? படுத்தால் கண்ணுக்குள் நட்சத்திரப் புள்ளிகள் காகிதத்தை விட்டு இறங்கிப்போகும். பின்வாங்கவும் முடியாது. அத்தனை பேர் முன்னால் சொன்ன வார்த்தை. மனைவி ஒரு வார்த்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் தப்பித்துவிடலாம். சொல்ல வைக்கப் பார்த்தேன்.

"ஏம்மா, எனக்கு மெஷின்தான் மயக்கம் கொடுக்கப்போகுது, தெரியுமில்ல?"

அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். "தெரியுமே. நீங்கதான சொன்னீங்க."

"உனக்கு ஒண்ணும் தோணலையா?"

"என்ன தோணணும்?"

"இல்ல, புது மெஷினாச்சே..."

எங்கள் மகள் ஹோம்வொர்க்கிலிருந்து தலையைத் தூக்கி, "மம்மி, டாடி டர் கயே!" என்று கூவினாள். அப்பா பயந்துபோய்விட்டாராம். அவளுக்குத் தமிழ் புரியும். ஆனால் என் மானத்தை வாங்க மட்டும் இந்தியில்தான் பேசுவாள்.

"நக்கோ போல், படி" என்று, பேசாதே என்பதை அவள் இந்தியிலேயே சொல்லி அதட்டிவிட்டு என் மனைவி மறுபடி பீன்ஸுக்குப் போய்விட்டாள். அவள் உதட்டோரத்தில் ஏதோ இருந்த மாதிரி எனக்குத் தோன்றியது.

வேறு வழியில்லாமல் ஜெனரல் மேனேஜரிடம் போய் என் மெஷினில் நானே குறை கண்டுபிடிக்க ஆரம்பித்தேன். கரண்ட் போனால்? "மீரே செப்பாரு கதா, பேட்டரி உண்டனி" என்றார். பேட்டரி இருக்கிறது என்று நீங்களேதானே சொன்னீர்கள். பட்டை நழுவினால்? மணி அடிக்கும் என்று நீங்களேதானே சொன்னீர்கள். மோட்டார் சிக்கிக்கொண்டால்? டாக்டர் கையால் திருப்பலாம் என்று நீங்களேதானே சொன்னீர்கள். போன வருஷம் நான் எவ்வளவு நன்றாக வாதாடியிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. என்னை எதிர்த்து என்னாலேயே ஜெயிக்க முடியவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். சொந்தக்காரர்களுக்கு மயக்கம் கொடுப்பதில்லை என்பது அவர்கள் வழக்கம். என் மனைவி மட்டும், "இவருக்கு நானே இருக்கேன்" என்று சொல்லிவிட்டாளாம். சாயங்காலம், பைஜாமாவோடு, மெஷினைக் கடைசியாக ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்று நர்ஸிடம் சொல்லி தியேட்டருக்குள் போனேன். இன்ஜினியர் என்பதால் விட்டார்கள். சரிபார்க்கப் போகவில்லை. அந்தச் சாம்பல் கேபிளை எடுத்து எங்கேயாவது ஒளித்துவிடலாம் என்று போனேன். கேபிள் இல்லாவிட்டால் பெட்டி வேடிக்கை பார்க்கும், கோடு வரையும், டயலைத் திருப்ப முடியாது.

பெட்டியின் பின்பக்கம் குனிந்தேன். கேபிள் இல்லை. மோட்டாரின் பக்கமும் இல்லை. மேஜைக்கு அடியில், அலமாரியில், எங்கேயும் இல்லை. எந்தப் புண்ணியவானோ எனக்கு முன்னாலேயே தொலைத்திருக்கிறான். பைஜாமாவோடு அந்த இடத்திலேயே ஜெபம் பண்ணினேன். இரவு நன்றாகத் தூங்கினேன்.

காலையில் விஷயம் தெரிந்ததும் ஒரே அமளி. ஜெனரல் மேனேஜரே வந்துவிட்டார். அந்தப் பிளக் நம் ஊரில் கிடைக்காது. தருவிக்க வாரக்கணக்கில் ஆகும். எனக்கு வந்த துக்கத்தைப் பார்த்து நர்ஸுக்கே மனது கரைந்தது. "என்ன துரதிர்ஷ்டம் சார்! ரெண்டு வருஷ உழைப்பு! சரி, மெஷின் கூடவே இருந்து கோடாவது போடட்டும்" என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். என் மனைவி மாஸ்குக்கு மேலே கண்கள் மட்டும் தெரிய, பக்கத்தில் நின்று, என் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பேனா முதல் கோட்டைப் போட்டது. ஜெனரல் மேனேஜர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, இன்டர்வியூ பெஞ்சில்கூட இவ்வளவு உயரம் பார்த்ததில்லையே என்றார். அவரை வெளியே அனுப்பினார்கள்.

"டாக்டரம்மா, நான் தூங்கினதும்..."

"பேசாம மூச்சை இழுங்க."

இழுத்தேன். அவ்வளவுதான் ஞாபகம்.

விழித்தபோது வயிற்றில் கட்டு, வாயில் கசப்பு, எதிரே ஜெனரல் மேனேஜர் கமலா ஆரஞ்சுப் பையோடு. என் பி.பி. கோட்டைச் சுவரில் மாட்டலாம் என்றார். அவ்வளவு நேர்த்தி. அதே காகிதத்தில், மெஷின் தன்னிடம் விட்டிருந்தால் டயலை எப்படித் திருப்பியிருக்கும் என்பதற்கும் ஒரு கோடு போட்டிருந்தது. அவள் கை திருப்பியதும் மெஷின் நினைத்ததும் கிட்டத்தட்ட ஒன்றாகவே போயின. எனக்கு உடனே தைரியம் திரும்பிவிட்டது. கேபிள் மட்டும் இருந்திருந்தால் என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் படுத்தபடியே வருத்தப்பட்டேன். தையல் வலித்தாலும் விடவில்லை.

புது கேபிள் வந்தது. சம்மதித்தவர்கள் சிலருக்கு மெஷினை மாட்டினார்கள். அவள் டயலுக்கு ஒரு விரல் தூரத்தில் கையை வைத்துக்கொண்டு ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தாள். கை வைக்க வேண்டி வரவில்லை. ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து, "இன்னிக்கும் ஒழுங்கா இருந்துச்சு" என்பாள், பள்ளிக்கூடத்தில் மகளைப் பற்றிச் சொன்ன மாதிரி. அந்த நாட்களில் நான் பஸ்ஸில் தூங்கியதே இல்லை.

டிசம்பர் வந்தது. வாசலில் நட்சத்திரம் கட்ட வேண்டும். பரணில் ஏறிப் பழைய அட்டைப்பெட்டியை இறக்கினேன். எப்போதும் தேங்காய்க் கயிற்றால் கட்டியிருக்கும் பெட்டி. இந்த வருஷம் அதைச் சுற்றி ஏதோ தடிப்பாக, வழுவழுவென்று. வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். சாம்பல் நிறக் கேபிள். இரண்டு முனையிலும் உருண்டைப் பிளக், பளபளப்பு கொஞ்சமும் குறையாமல், அழகாக முடிச்சுப் போட்டு.

அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டு ஹாலுக்குப் போனேன். அவள் மகளுடைய யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கேபிளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி காலருக்குப் போய்விட்டாள்.

நானும் அதை ஒளிக்கத்தான் போனேன் என்பதை வசதியாக மறந்துவிட்டேன். அடிபட்ட விஞ்ஞானியாக நிமிர்ந்து நின்றேன்.

"ரெண்டு வருஷம் பாடுபட்டுச் செஞ்ச மெஷின்! அதுக்குக் கிடைச்ச முதல் சான்ஸையே கெடுத்துட்டியே, நியாயமா?"

"மெஷின்னா வேற ஒண்ணு பண்ணிக்கிடலாம்."